சாயக்கூடம் விட்டுவிட்ட நாலாவது வரி

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான்கு வருடங்கள் ஒரு சாயநூல் கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் வீடு பாளையங்கோட்டையில். காலை ஏழே காலுக்குப் பஸ் பிடித்தால், டவுன் தாண்டி, வயல்களுக்கு நடுவே இறங்கி ஐந்து நிமிஷ நடை. தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் ஒன்று கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஓடியது. வெளியூர் மில்களிலிருந்து வெள்ளை நூல் சிட்டம் சிட்டமாக, கட்டுக் கட்டாக வரும். அதற்குச் சாயம் ஏற்றி, அலசி, காயவைத்து, கோனில் சுற்றி அனுப்புவதுதான் தொழில். இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள். அவர்களுடைய வருகை, விடுப்பு, சீருடை, சண்டை சச்சரவு எல்லாவற்றையும் கவனிக்கும் பணியாளர் பிரிவு என்பது நான் ஒருத்திதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

இன்று என் பிழைப்பு கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது. ஒரு கம்பெனி தண்ணீரை என்ன செய்கிறது, புகையை என்ன செய்கிறது, யாரைக் கேட்டு முடிவெடுக்கிறது என்றெல்லாம் எழுதுகிற வேலை. அதற்கு இப்போது பெரிய பெரிய பெயர்கள் வந்துவிட்டன, பட்டப்படிப்புகூட உண்டு. நான் அதைப் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்தச் சாயக்கூடத்தில் கிடைத்தது. கொடுத்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. ஒரு வகையில் அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டு வியாபாரி ஒருவர் எங்கள் நூலை வாங்க விரும்பினார். ஆனால் கம்பெனி ஒழுங்காக நடக்கிறது, சுற்றுச்சூழலைக் கெடுக்கவில்லை என்று வெளியார் பார்த்துச் சான்று தந்தால்தான் வாங்குவேன் என்றார். எங்கள் பக்கத்துக்கு அது புதுசு. மதுரைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பேக்ஸ் வந்தது. ஆங்கிலத்தில் ஐந்து வரி. மேலே ‘கம்பெனிக் கொள்கை’ என்று தலைப்பு. ஆறு வாரத்தில் தணிக்கையாளர் வருவார், வழியில் எதிர்ப்படுகிற எந்தத் தொழிலாளியையும் நிறுத்தி “உங்கள் கம்பெனிக் கொள்கை என்ன?” என்று கேட்பார், கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் என்றார்கள். அதைத் தமிழாக்கி, இருநூறு பேருக்கும் மனப்பாடம் பண்ணவைப்பது என் பொறுப்பு.

நாலாவது வரியில்தான் எனக்கு இடறியது. ‘சுற்றுச்சூழலுக்குத் தீங்கின்றி உற்பத்தி செய்வோம்’ என்று முதலில் எழுதினேன். கேன்டீனில் சோறு வடிக்கும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “சுற்றுச்சூழல்னா என்ன, நம்ம காம்பவுண்டா?” என்று கேட்டார். அவருக்கும் புரிகிற மாதிரி இருக்கட்டும் என்று மாற்றினேன்: ‘ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் கேடு வராமல் தொழில் செய்வோம்.’ நல்ல தமிழ் எழுதிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. அந்த மாற்றத்தைச் செய்யாமல் இருந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. சுற்றுச்சூழல் என்றே விட்டிருந்தால் எல்லோரும் ஒப்பித்திருப்பார்கள். யாருக்கும் எங்கேயும் உறுத்தியிருக்காது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் கேன்டீனில் வகுப்பு. பகுதி பகுதியாக வருவார்கள். இரண்டாம் நாளே என் பெயர் ‘டீச்சர்’ ஆகிவிட்டது. எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அந்த வேலைக்கு மட்டும் போகமாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுத்தான் நான் கம்பெனிக்கு வந்தது. கோன் சுற்றும் பெண்கள் ஒரே நாளில் படித்துவிட்டார்கள். பாய்லர்காரருக்கு மூன்றாவது வரியும் ஐந்தாவது வரியும் எப்போதும் இடம் மாறும். கேட்டில் நின்ற வாட்ச்மேன் வணக்கத்துக்குப் பதிலாக என்னைப் பார்த்ததும் முதல் வரியைச் சொல்லி சல்யூட் அடிக்க ஆரம்பித்தார்.

கடைசியாகச் சாயக்கூடம். இருபத்துநாலு பேர். நீராவியிலும் உப்புத் தண்ணீரிலும் நின்று பார்க்கிற வேலை. அங்கே அலசுத் தொட்டியில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். வாய்க்காலின் கீழே, இரண்டு மைல் தள்ளி இருக்கிற ஊரிலிருந்து நடந்தே வருவார். கையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அதைப் பார்த்தே அன்றைக்கு என்ன சாயம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதில் விழுந்ததை விடமாட்டார். நான் இரண்டு தரம் வாசித்ததும் எழுந்து நின்று, நான் வாசித்த ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொன்னார். நாலாவது வரி மட்டும் இல்லை.

“அக்கா, ஒண்ணு விட்டுப்போச்சு” என்றேன். நாலாவது வரியை மறுபடி வாசித்தேன். திரும்பச் சொன்னார். முதல், இரண்டு, மூன்று, ஐந்து.

மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மற்றவர்கள் போன பிறகு அவரை நிறுத்தி வைத்துக்கொண்டேன். என் குரலில் கொஞ்சம் வாத்தியார் வந்துவிட்டது.

“மத்ததெல்லாம் டக்கு டக்குன்னு சொல்லுதீங்க. இது மட்டும் ஏன் மறக்கு?”

“மறக்கல டீச்சர்.”

“பிறகு?”

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “சொல்லுததுக்கு வாய் வரமாட்டேங்கு. ஆத்துக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் கேடு வராமன்னு எழுதியிருக்கீய. நேவி ப்ளூ ஓடுத அன்னைக்கு எங்க ஊர் வாய்க்கால்ல வந்து பாருங்க. மாடு தண்ணில வாய் வைக்காது. நாங்க குளிக்கப் போகமாட்டோம். அந்தச் சாயத்தை அலசி விடுததே நான்தான். காலைல இங்கன அலசி விட்டுட்டு, சாயந்திரம் அங்கன போய் அந்தத் தண்ணியத்தான் பாக்கேன். நான் எப்படி அதச் சொல்ல?”

எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். சாயத் தண்ணீர் பின்பக்கம் இரண்டு தொட்டிகளுக்குப் போகும், அங்கே சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுத் தெளிய வைப்பார்கள் என்று தெரியும். தொட்டி நிறைந்தால் மதகைத் திறந்து வாய்க்காலில் விடுகிறார்கள் என்பதும் அரைகுறையாகத் தெரியும். என் அறை முன்பக்கம். பின்பக்கம் போக எனக்கு வேலை வந்ததில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த ஆறு வாரமும் அவர் சரியாகச் சாப்பிட்டே நான் பார்க்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“ஒருத்தரா சொல்றாங்க?”

“ஒருத்தர்தான் சார்.”

“அப்ப ஒண்ணு பண்ணுங்கம்மா. தணிக்கை நடக்கிற ரெண்டு நாளும் அவங்களுக்குச் சம்பளத்தோட லீவு குடுத்துடுங்க. அவங்களுக்கும் சங்கடம் இல்லை, நமக்கும் சங்கடம் இல்லை.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிரச்சினை ஒரு விடுப்புச் சீட்டில் முடிந்துவிட்டதே என்று நேரே சாயக்கூடத்துக்குப் போனேன். அந்த அக்கா சிவப்புச் சிட்டம் ஒன்றைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

“லீவா? குடுத்தா வாங்கிக்கிடுதேன். தங்கச்சி வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு” என்றார். பிறகு, பிழிந்த சிட்டத்தைக் கம்பில் மாட்டிக்கொண்டே, “ஆனா டீச்சர், இங்கன யாரும் அந்த வரியச் சொல்லமாட்டாவ” என்றார்.

“ஏன்? நீங்க சொல்ல வேண்டாம்னு சொன்னீங்களா?”

“நான் என்னத்தச் சொல்ல? எனக்கு வாசிக்கத் தெரியாது, இவுகளுக்கு மறந்து மறந்து போகுது. அதான் அலசும்போது நான் சத்தமாச் சொல்லுவேன், எல்லாரும் சேந்து சொல்லுவாவ. எனக்கு வந்தது நாலு வரி. அவுகளுக்கும் நாலு வரிதான்.”

நம்பாமல் ஒவ்வொருவரையாகக் கேட்டேன். சிட்டம் முக்குகிற ஆள், உப்பு மூட்டை பிரிக்கிற ஆள், சுடுதொட்டிக்காரர். முதல், இரண்டு, மூன்று, ஐந்து. நாலாவது வரியின் இடத்தில் ஒரு சின்ன இடைவெளிகூட இல்லை. அந்தக் கூடத்தில் கம்பெனிக் கொள்கை நாலு வரி என்றே நிலைத்துவிட்டது. சிலருக்கு அப்படி ஒரு வரி இருந்ததே நினைவில்லை. சிலர் நினைவிருந்தும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சாய மாஸ்டரிடம் வந்தேன். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், தொழிலில் பெரிய கை. அவருக்கு நன்றாகப் படிக்கவும் எழுதவும் தெரியும்.

“மாஸ்டர், நீங்களுமா?”

“அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன் டீச்சர், எனக்கு அஞ்சும் தெரியும்” என்றார். “ஆனா இந்தப் புள்ளைய எல்லாம் நாலச் சொல்லும்போது, நான் எப்படித் தனியா அஞ்சச் சொல்ல?”

இருபத்துநாலு பேருக்கு விடுப்பு கொடுக்க முடியாது. மறுபடி மேனேஜர் அறைக்குப் போனேன். நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து நடந்தார். பின்னாலேயே ஓடினேன். சாயக்கூடத்தில் ஐந்து பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஐந்து பேரும் நாலு வரி சொன்னார்கள். ஆறாவது ஆளிடம் அவர் கேட்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னைக்கு மதகு திறந்திருக்குதுங்களா?” என்று மாஸ்டரிடம் கேட்டார்.

“காலைல திறந்தது சார். நேத்து ரெண்டு லாட் கறுப்பு.”

“வாங்க, பார்க்கலாம்.”

மேனேஜர், மாஸ்டர், அந்த அக்கா, நான், நாலு பேரும் பின்கதவு வழியாகப் போனோம். நான் அந்த நிறத்தைச் சொல்லப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிர்க்கரையில் ஒருவர் மண்வெட்டியோடு நின்று எங்களைப் பார்த்தார். மேனேஜர் மதகருகே குனிந்து பார்த்துவிட்டு, “அந்த வரியைக் கொள்கையிலிருந்தே எடுத்துடலாமுங்களா?” என்றார். பொய் வேண்டாம் என்று நினைத்துத்தான் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது.

அந்த அக்காதான் பதில் சொன்னார். “எடுக்க வேண்டாம் சார். எடுத்துட்டா பொறவு யாரும் கேக்கமாட்டாவ. அது இங்கன இருக்கட்டும். நாம அத நெசமாக்கிப்பிடுவோம்.”

“எப்படி?”

“அத எங்ககிட்ட ஒருநாளும் கேட்டதில்லையே சார்.”

அன்று சாயந்திரம் வேலை முடியும் முன் கேன்டீனில் ஒரு கூட்டம் போட்டார். கொள்கை வகுப்பு நடந்த அதே பெஞ்சுகளில் சாயக்கூடத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நான் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினேன். பேச்சு எப்படித் தொடங்கியது என்று தெரியாது, நிற்கவே இல்லை.

அலசுத் தொட்டிக்காரர்கள் சொன்னது: நாலு தண்ணீரில் அலசுகிறோம், நாலாவது தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கிறது, அதையும் கீழே விடுகிறோம். அதை அடுத்த லாட்டுக்கு முதல் தண்ணீராக ஊற்றினால் கால்வாசித் தண்ணீர் மிச்சம். மாஸ்டர் சொன்னது: ஆர்டர் வருகிற வரிசையில் சாயம் போடச் சொல்கிறீர்கள்; மஞ்சளுக்கு அப்புறம் கறுப்பு, கறுப்புக்கு அப்புறம் ரோஸ். ஒவ்வொரு தடவையும் தொட்டியைக் கழுவிக் கொட்ட வேண்டியிருக்கிறது. வெளிர் நிறத்தில் தொடங்கிப் பையப் பைய அடர்த்திக்குப் போகிற மாதிரி வாரத்தை அமைத்துக் கொடுங்கள், கழுவுவது கால்வாசியாகிவிடும். கறுப்பு, நேவி ப்ளூ இரண்டின் முதல் தண்ணீர்தான் எமன். அதை மட்டும் மற்றதோடு கலக்காமல் தனியாகப் பிடிக்க வேண்டும்.

“பிடிச்சு எங்கே வைக்கிறது?” என்றார் மேனேஜர்.

உப்பு மூட்டை பிரிக்கிற ஆள் முதல் தடவையாகப் பேசினார். “நூல் காயப்போட்ட பழைய களம் சும்மாத்தான சார் கெடக்கு. டிரையர் மிசின் வந்ததுலேருந்து அங்கன ஆடுதான் படுத்துக் கெடக்கு. சுத்தி ஒரு அடி சுவர் எடுத்தா, அதுல ஊத்திப்பிடலாம். நம்மூர் வெயில் சும்மாத்தான அடிக்கி, அது பாத்துக்கிடும்.”

கூட்டம் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நிபுணர் ஒருவரை வரவழைத்து இதைக் கேட்டிருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்டதற்கு, “தண்ணியிலேயேதான நிக்கோம்” என்று மட்டும் சொன்னார்கள்.

மதகைப் பற்றி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். “நாங்க எல்லாம் செய்வோம் சார். பொறவு அவசர ஆர்டர்னு யாராச்சும் வந்து மதகத் திறந்து விட்டுட்டா?” அப்படி இரண்டு பூட்டு வந்தது. ஒரு சாவி மேனேஜர் அறையில். இன்னொன்று சாயக்கூடத்தில், மாதம் ஒருவர் பொறுப்பு. யார் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் மதகு திறக்கும். ஒவ்வொரு தடவையும் ஏன் திறந்தோம், என்ன சாயம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். திங்கட்கிழமைதோறும் அந்த நோட்டைக் கேன்டீனில் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கிற வேலை எனக்கு. முதல் மாதச் சாவியை அந்த அக்கா கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

களத்துச் சுவர் பாதி எழும்பியிருந்தபோது தணிக்கையாளர் வந்துவிட்டார். புனேயிலிருந்து வந்த ஒல்லியான மனிதர். தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். முதல் நாள் அலுவலகக் கோப்புகளில் போனது. இரண்டாம் நாள் சாயக்கூடத்துக்குள் நுழைந்ததும், இருபத்துநாலு பேர் நிற்கிற இடத்தில், வேறு யாரையும் கேட்காமல் நேராக அந்த அக்காவைப் பார்த்துக் கேட்டார். அந்த அக்கா விடுப்பு எடுக்காமல் வந்திருந்தார்.

ஐந்து வரியையும் சொன்னார். நாலாவது வரி வந்தபோது கூடமே அவரைப் பார்த்தது. தெளிவாகச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

“அய்யாகிட்ட சொல்லுங்க டீச்சர். நாலாவது வரி இன்னும் பாதிதான் நெசம். கறுப்புத் தண்ணிய இன்னும் முழுசாப் பிடிக்கல, களத்துல சுவர் எடுத்துக்கிட்டு இருக்கோம். மதகுக்கு ரெண்டு பூட்டு போட்டாச்சு. போன வாரம் ரெண்டு தடவ திறந்தோம். முடிஞ்ச பொறவு இன்னொரு மட்டம் வந்து பாக்கச் சொல்லுங்க.”

மேனேஜர் என் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தணிக்கையாளரிடம் ஆங்கிலத்தில், “கொள்கையைச் சரியாகச் சொல்கிறார், அதைப் பின்பற்றுவதாகவும் சொல்கிறார்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

“என்ன டீச்சர்” என்றார் அந்த அக்கா. குரலில் கோபம் இல்லை, சந்தேகம்தான். “நான் அம்புட்டு நீளமாச் சொன்னேன், நீங்க இம்புட்டுக் குட்டையாச் சொல்லுதீய?”

சாயக்கூடம் முழுக்கச் சிரித்துவிட்டது. தணிக்கையாளர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். மேனேஜர் மெதுவாக, “முழுசாவே சொல்லிடுங்கம்மா” என்றார்.

முழுசாகச் சொன்னேன். போன வாரம் இரண்டு தடவை திறந்தது உட்பட. தணிக்கையாளர் களத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சுவரைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாக என்னை வாசிக்கச் சொன்னார். கடைசியில், சான்று இப்போது தர முடியாது, நாலு மாதம் கழித்து மறுபடி வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் மதுரைக்குப் போன அந்த ஒரு நாளில் நானும் அந்த அக்காவும் எத்தனை தடவை கேட்டைப் பார்த்தோமோ தெரியாது. மறுநாள் வந்தவர், “நாலு மாசம் பொறுத்துக்கச் சொல்லிட்டேனுங்க. சுவர் வேலை எப்ப முடியும்?” என்று மட்டும் கேட்டார். அங்கே அரைமணி நேரம் நிற்கவைத்துப் பேசினார்கள் என்றும், யாரால் இப்படி ஆனது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றும், அவர் எங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை என்றும் கூடப் போயிருந்த கம்பெனி டிரைவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் இரண்டு பேர் வேலையும் போயிருக்கும். எனக்குக் கிடைத்த மேலதிகாரிகளில் அவரைப் போல இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

எல்லாம் நேராக நடந்துவிடவும் இல்லை. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. களத்துத் தண்ணீர் ஏறி, ஒரு மூலையில் சுவர் வழிந்து, நீலம் வாய்க்காலுக்குப் போக ஆரம்பித்தது. யாரும் திறந்துவிடவில்லை, மழை செய்த வேலை. மேனேஜர் ஊரில் இல்லை. மழையோடு மழையாக ஓடிவிடும், யாருக்கும் தெரியாது என்று ஒருவர் சொன்னார். அந்த அக்காவும் மாஸ்டரும் ஒரே குரலில் “தெரியும்” என்றார்கள். கம்பெனி வேனில் நாங்கள் மூன்று பேரும் வாய்க்காலின் கீழே அந்த அக்காவின் ஊருக்குப் போனோம். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவியிருந்த நேரம். வயக்காட்டில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு அண்ணாச்சியிடம் மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்.

“ஏன்வே, கெடுத்துப்போட்டு வந்து சொல்லவும் செய்யுதீரோ?” என்று அவர் எகிறினார். இன்னும் என்னென்னவோ சொன்னார். மாஸ்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார், குடைகூடப் பிடிக்கவில்லை. திட்டி முடித்ததும் அந்த அண்ணாச்சி போய் நாற்றங்காலின் மடையை அடைத்தார். மற்ற வயல்காரர்களுக்கும் குரல் கொடுத்தார். சாயந்திரத்துக்குள் வாய்க்கால் தெளிந்துவிட்டது. நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் கிளம்பும்போது, “இனிமே கறுப்புச் சாயம் போட்டா மொதல்லயே ஆள் விடுங்க” என்றார். அது முதல் ஆள் விட்டோம். அந்தத் திங்கட்கிழமை நோட்டில் மழைக்கு வழிந்ததையும், ஊருக்குப் போய்ச் சொன்னதையும் வாசித்தேன். கோன் சுற்றும் பெண்கள்கூட ஒருவரும் சிரிக்காமல் கேட்டார்கள். சுவர் இன்னொரு அடி உயர்ந்தது. காய்ந்து எஞ்சிய உப்புக் கசடை மூட்டை கட்டி எங்கே வைப்பது என்ற தலைவலி மட்டும் நான் இருந்தவரை தீரவில்லை. கொட்டகை கட்டி அடுக்கினோம், அடுக்கிக்கொண்டே இருந்தோம்.

தணிக்கையாளர் மறுபடி வந்தபோது சான்று கிடைத்தது. வியாபாரி காத்திருந்தாரா என்றால், முதல் ஆர்டரில் பாதியை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். அடுத்த வருடம் முழுசாகத் தந்தார். எங்கள் திங்கட்கிழமை நோட்டின் பக்கங்களை மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லி அவரிடமிருந்து கடிதம் வந்தது. அப்படித்தான் அறிக்கை எழுதுகிற வேலை எனக்குத் தொடங்கியது.

இப்போது கம்பெனிகளுக்குப் போகும்போது என்னை முன்பக்கத்து அறையில் உட்காரவைத்து, அழகான படங்கள் காட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீரில் நிற்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்பேன். சிலர் சங்கடப்படுவார்கள், சிலர் உடனே கூட்டிப்போவார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்ததால்தான் இந்தத் தொழிலில் இத்தனை வருடம் நான் வெட்கப்படாமல் இருந்திருக்கிறேன். என்னைக் குட்டையாக மொழிபெயர்க்கவிடாமல் எல்லோர் முன்னாலும் பிடித்து நிறுத்தியவருக்கு, அன்று எரிச்சலோடு ஒரு பார்வை பார்த்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே வந்து, “கோவமா டீச்சர்?” என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

கல்யாணமாகிச் சென்னைக்குப் போகிறபோது வேலையை விட்டேன். கடைசி நாள் கேன்டீனில் கேசரியும் பேச்சும் இருந்தது. சாயக்கூடத்துக்காரர்கள் வரவில்லை, அன்றைக்குக் கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் விட்டு வர முடியாது. நானே போனேன். நீராவிக்குள்ளிருந்து ஆளாளுக்குச் சத்தம் போட்டு வழியனுப்பினார்கள். மாஸ்டர் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல், “நல்லா இருங்கம்மா” என்றார். அந்த அக்காவின் இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. கையைப் பிடிக்க முடியாமல், புறங்கையால் என் தோளை ஒரு தள்ளு தள்ளினார்.

“போயிட்டு வாங்க டீச்சர். பஸ்ஸு போயிரும்.”

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோளில் ஈரத்தைக் கவனித்தேன். பாளையங்கோட்டை வருவதற்குள் காய்ந்துவிட்டது. புதுப் புடவையில் இது என்னடி கறை என்று அம்மா சத்தம் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாள், சோப்பில் ஊறவைத்துப் பார்த்தாள். மாஸ்டர் போடுகிற கறுப்பு அப்படியெல்லாம் போகிற கறுப்பு இல்லை என்று நான் சொன்னேன். அந்தப் புடவையைத்தான் சென்னைக்கு ரயிலேறும்போது கட்டிக்கொண்டேன்.